85 வீதம் வருகிறது, ஆனால் போத்தல் எண்ணிக்கை காணாது. எங்கே பிழை?

அச்சுவேலிப் பெடியன்:
அண்ணைமார், இங்கே ஒரு சின்னப் பழரசத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், நெல்லி ரசமும் மாம்பழச் சாறும் போத்தலில் அடைக்கிறோம். நிரப்பும் மெஷின் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று முதலாளி எழுதச் சொன்னார். ஒரு நாள் கணக்கு இது: 8 மணித்தியாலத்தில் சாப்பாடும் தேத்தண்ணியும் போக 420 நிமிடம். பழம் மாற்றும்போது கழுவியது, கறண்ட் போனது, மூடி இறுகி நின்றது எல்லாம் சேர்த்து 63 நிமிடம். ஓடியது 357, அதாவது 85 வீதம். ஜப்பான்காரனே 85தானே கேட்கிறான், பிறகென்ன என்று முதலாளி சிரிக்கிறார். ஆனால் அன்று வந்தது 4,998 போத்தல், அதிலும் 148 கழிவு. மெஷின் தகட்டில் நிமிடத்துக்கு 20 என்று இருக்கிறது. புது மெஷின்தான் வாங்க வேண்டுமா?

கொப்பிக்காரன்:
முதலாளியின் 85 வேறு, உங்களுடைய 85 வேறு. ஜப்பானில் செய்இச்சி நகாஜிமா சொன்ன ஓஇஇ (OEE, மெஷினிலிருந்து உண்மையில் எவ்வளவு பயன் கிடைக்கிறது என்று காட்டும் வீதம்) மூன்று எண்களைப் பெருக்கி வருவது. நல்ல தொழிற்சாலைக்கு அவர் வைத்த இலக்கு: ஓடிய நேரம் 90, வேகம் 95, நல்ல சாமான் 99, பெருக்கினால் 85 வரும். நீங்கள் எடுத்தது முதலாவதை மட்டும்தான். 357 நிமிடத்துக்கு 7,140 போத்தல் வந்திருக்க வேண்டும், வந்தது 4,998, அது 70 வீதம். நல்லது 4,850, அது 97. மூன்றையும் பெருக்கினால் 58கூட இல்லை. பெருக்கச் சோம்பலாக இருந்தால் நல்ல போத்தலை 8,400ஆல் (420 × 20) பிரியுங்கள், அதே விடைதான்.

வலிகாமத்தான்:
கறண்ட் போனதை ஏன் மெஷினின் தலையில் கட்டுகிறீர்கள்? அது யாருடைய பிழை?

பழைய போர்மன்:
யாருடைய பிழையாக இருந்தாலும் போத்தல் வரவில்லைத்தானே. எழுதுங்கள், ஆனால் தனி நிரலில் எழுதுங்கள், அப்போதுதான் ஜெனரேட்டர் கட்டுமா கட்டாதா என்று பார்க்கலாம்.

தம்பி, எல்லாரும் அந்த 63 நிமிடத்தைத்தான் துரத்துவார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும். உங்களுக்குப் பெரிய ஓட்டை வேகத்தில். அதுக்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, தகட்டில் உள்ள 20 தண்ணீருக்கும் சின்னப் போத்தலுக்கும் போட்ட எண்ணாக இருக்கும், தடித்த சாறு அந்த வேகத்தில் இறங்காது. மற்றது, ஒருவரும் எழுதாத சின்னச் சின்ன நிற்பாட்டல்கள். அரை நாள் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியோடு நில்லுங்கள், ஒரு நிமிடம் நின்றாலும் கோடு போடுங்கள். நிற்கும் பெடியளின் பெயரை மட்டும் எழுத வேண்டாம், எழுதினால் நாளைக்கே கணக்கு நூறு வீதமாகிவிடும், நான் பட்டு அறிந்தது.

அச்சுவேலிப் பெடியன்:
நின்று பார்த்தேன். 20 என்பது சரியாக இறங்குகிறது, அது பிரச்சினை இல்லை. ஏறக்குறைய 14 நிமிடம் ஓடும், பிறகு 6 நிமிடம் சும்மா நிற்கும், மேலே தொட்டியில் சாறு இல்லை! கேட்டால் "அது பழுது இல்லையே, காத்திருக்கிறம்" என்கிறார்கள், அதனால்தான் ஒருவரும் எழுதவில்லை. சாறு சூடாக்கும் இடத்தில் வேண்டிய சூடு ஏற நேரம் எடுக்கிறது.

வலிகாமத்தான்:
ஆ, அது எங்கள் கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருகிற தண்ணீர், வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். சாறு சூடாக்கும் இடத்தில் வெந்நீர் ஓடும் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

பழைய போர்மன்:
ஓம், அதுதான். படிவு சூட்டை உள்ளே விடாது. சித்திரிக் அமிலக் கரைசலை வெந்நீர்ப் பக்கத்தில் சுற்ற விடுங்கள், நுரை அடங்கும்வரை, பிறகு வடிவாகக் கழுவுங்கள். அந்தப் பக்கத்துக்கு மென்னீராக்கி (தண்ணீரில் படிவு உண்டாக்கும் உப்புகளை எடுக்கும் கருவி) ஒன்று போட்டால் திரும்பத் திரும்பக் கஷ்டப்படத் தேவையில்லை. கெதியாக முடிக்கச் சூட்டைக் கொஞ்சம் குறைப்போம் என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்க வேண்டாம், கடையில் போத்தல் நொதித்துப் பொங்கும்.

அச்சுவேலிப் பெடியன்:
திறந்தோம் அண்ணை. குழாய்க்குள் விரல் போகவில்லை. புது மெஷினுக்கு விலை கேட்டு எழுதிய கடிதத்தை முதலாளி இன்னும் அனுப்பவில்லையாம், நல்ல காலம்.