ஈ-சோர்ட்டில வேண்டாத விளக்கவுரைகளை நீக்குறது எப்பிடி?

கேள்வி (கிளிநொச்சி): ஞாயிறு பள்ளிக் கணினியில ஈ-சோர்ட் (e-Sword) எண்ட வேதாகமம் படிக்கிற மென்பொருளுக்கு இறக்கின வேதாகம விளக்கவுரைகள் கூடிப்போச்சு. தமிழ் வேதாகமமும் கிங் ஜேம்ஸ் எண்ட ஆங்கில வேதாகமமும் போதும். மிச்சத்தை எப்பிடி எடுக்கிறது அண்ணை?

பதில் (முல்லைத்தீவு): முதல்ல ஈ-சோர்ட்டை மூடுங்கோ தம்பி, திறந்திருந்தா விண்டோஸ் கோப்பை அழிக்க விடாது. சி டிரைவ், புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86, அதுக்குள்ள ஈ-சோர்ட் ஃபோல்டர். கோப்பின்ர பேர் பீபீஎல்ஐ (bbli) எண்டு முடிஞ்சா வேதாகமம், சீஎம்ரீஐ (cmti) விளக்கவுரை, டீசீரீஐ (dcti) அகராதி. கடைசி எழுத்து எக்ஸ் எண்டா பழைய வடிவம். வேண்டாததை அழிக்கேக்க அட்மின் அனுமதி கேக்கும், குடுங்கோ.

பதில் (வவுனியா): உடன அழிக்காதேங்கோ. வேற ஃபோல்டருக்கு மாத்தி, ஈ-சோர்ட்டைத் திறந்து பாத்திட்டு அழியுங்கோ. பிழைச்சா திரும்ப இறக்க டேற்றா வீண். டொக்கியுமென்ற்ஸில இருக்கிற ஈ-சோர்ட் ஃபோல்டரைத் தொடவே வேண்டாம், நீங்கள் எழுதின குறிப்பெல்லாம் அங்கதான்.