மவுஸ்ஸாகலையில் தூண்டில் போட்ட இரண்டு நாள்

கந்தளாய்க் குளத்தில் விரால் பிடித்த கதையை முன்பு எழுதிய தம்பிக்கு நன்றி, அதை வாசித்ததும் எனக்கும் எழுத வேண்டும் போல வந்துவிட்டது. நான் திருகோணமலை, சின்ன வயதில் இருந்தே டச்பே கடலில் தங்கூசியை, அதாவது நைலான் தூண்டில் நூலை, கையில் பிடித்து ஓரா மீன் பிடித்தவன். குளம் என்றால் கந்தளாயும் வெண்டரசன் குளமும்தான். போன மார்ச்சில் மனைவியின் பெரியம்மாவைப் பார்க்க மலையகத்தில் மஸ்கெலியா போனபோது இரண்டு நாள் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கக் கரையில் உட்கார்ந்தேன்.

போகிறவர்களுக்கு முதலில் ஒன்று, நம் ஊர்த் தண்ணீர்க் கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள். நமக்கு மழை வாடைக் காற்றோடு வரும், மார்கழி தைக்குள் குளம் நிரம்பிவிடும். அங்கே பெரிய மழை தென்மேற்கில் இருந்து வருவது, வைகாசிக்குப் பிறகுதான். நான் கந்தளாயை மனதில் வைத்துப் போனேன், பார்த்தால் கரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் வெடித்துக் கிடக்கிற சேறுதான் பரந்து கிடந்தது. மேலே காய்ந்து கல்லு மாதிரி இருந்ததை நம்பிக் கால் வைத்தேன், முழங்கால் வரை போய்விட்டது. இழுக்க இழுக்க இன்னும் இறங்குகிறது. தேயிலைப் பக்கம் இருந்து ஒரு பெரியவர் "தம்பி, ஒதறாதீங்க, அப்படியே படுத்து உருண்டு வாங்க" என்று கத்தினார். அப்படித்தான் வெளியே வந்தேன். கடலில் எனக்கு அந்தப் பயம் வந்ததே இல்லை.

அப்புறம் அவரே மலை ஓடை வந்து விழுகிற வாய்க்குக் கூட்டிக்கொண்டு போனார். அடி கல், கால் நிற்கும், ஓடை இரையும் கொண்டு வருகிறது. விடியப் பனி மூட்டத்தில் மிதப்பு கண்ணுக்கே தெரியவில்லை. சரி என்று அதைக் கழற்றிவிட்டு டச்பேயில் செய்கிற மாதிரி தங்கூசியை விரலில் வைத்துக்கொண்டேன். கோதுமை மா உருண்டையைக் கார்ப் மீன் மெல்ல மெல்ல உறிஞ்சிப் பார்ப்பது விரலில் தெரிந்தது. ஓரா கொத்துகிற மாதிரி வெடுக்கென்று இல்லை. அவசரப்பட்டு இரண்டை விட்டேன், மூன்றாவது வந்தது, ஒன்றரைக் கிலோ இருக்கும்.

அடுத்தது ஒரு திலாப்பியா. தூண்டிலைக் கழற்றும்போது வாய்க்குள் மஞ்சள் மஞ்சளாக முட்டை. அந்த இனத்தில் தாய்தான் முட்டையை வாயில் வைத்துக் காப்பாள், குஞ்சு வெளியே வந்த பிறகும் ஆபத்து என்றால் திரும்ப வாய்க்குள் எடுப்பாள். தண்ணீருக்குள் வைத்தே கழற்றிவிட்டேன். அதற்குள் சில முட்டை சிந்திவிட்டது, இப்போது நினைத்தாலும் மனம் ஒருமாதிரி இருக்கிறது.

தண்ணீர் வற்றினால் பழைய மஸ்கெலியா தெரியும். 1960களின் கடைசியில் அணை கட்டியபோது கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் சேர்ந்து மூழ்கிய ஊர். கோயில் சுவரைக் காட்டி, தனக்கு அங்கேதான் மொட்டை போட்டார்கள் என்றார் பெரியவர். சுவர் நிழலில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் தூண்டில் போடுவதில்லை, நானும் போடவில்லை.

ஆடி ஆவணியில் நிரம்பியிருக்கும்போது அங்கேயோ பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ தூண்டில் போட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், ஓடை வாயில் அப்போது நிற்க இடம் இருக்குமா?