மதுரை வெயிலிலும் சூடேறாத இன்ஜின்

என்னுடையது 2009 மாடல் டீசல் எஸ்யூவி. 2.2 லிட்டர் காமன் ரெயில் இன்ஜின், 1,80,000 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. வாரம் ஒருமுறை மதுரையிலிருந்து தேனிக்குப் போய்வருவேன். அந்த ரோட்டில் லிட்டருக்கு 12 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி. போன வருஷம் சித்திரைத் திருவிழா சமயத்தில் கணக்குப் பார்த்தால் 8.7 என்று வந்தது. வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள். ஆனால் ஆறே மாதத்தில் இவ்வளவு இறங்கியதற்கு வயசு காரணமாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

முதலில் காட்டிய ஒர்க் ஷாப்பில் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "நாலு நாசிலும் போயிருச்சு சார், மாத்தினாத்தான் சரியாகும்" என்றார்கள். நாசில் என்பது இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்; சொன்ன தொகை அறுபதாயிரத்தை ஒட்டி இருந்தது. ஸ்கேன் போடவில்லை, ஓட்டியும் பார்க்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சரி, முதலில் அளவு சரிதானா என்று பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்பாமல், ஒரே பங்க்கில், ஒரே பம்ப்பில், ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, அடுத்த முறையும் அதே மாதிரி நிரப்பிக் கணக்குப் போட்டேன். மூன்று டேங்க் பார்த்தேன். ஒரு டேங்க்கை வைத்து முடிவு செய்வது தப்பு. ஏசி, டிராஃபிக், ஏற்றிய ஆட்கள் என்று எல்லாமே மாறும். பங்க்கில் ஐந்து லிட்டர் அளவுக் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. 25 மில்லி வரை கூடக் குறைய இருக்கலாம். நான் கேட்டபோது முகம் சுளிக்காமல் பிடித்துக் காட்டினார்கள், அளவு சரியாகவே இருந்தது.

அப்புறம்தான் டயர் ஞாபகம் வந்தது. பொங்கல் சமயத்தில் டயர் மாற்றியபோது, பார்க்க எடுப்பாக இருக்கும் என்று 235/70 ஆர்16க்குப் பதில் 245/75 ஆர்16 போட்டிருந்தேன். விட்டத்தில் ஐந்து சதவீதம் பெரியது. சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், ஆனால் மீட்டர் பழைய சுற்றளவையே கணக்கில் வைத்திருக்கும். வீட்டிலிருந்து உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு வரை போனில் ஜிபிஎஸ் வைத்துப் பார்த்தேன். போனில் 38, மீட்டரில் 36. அப்படியென்றால் என் 8.7 உண்மையில் 9.2. டயர் பெரிதாக்கியவர்கள் மைலேஜ் பற்றிக் கவலைப்படும் முன் இதைச் செய்து பாருங்கள்.

அதே பயணத்தில் இன்னொன்றும் கிடைத்தது. உசிலம்பட்டியில் டீக்கடை ஓரம் நிறுத்தி இறங்கினால், இடது முன்சக்கரத்துப் பக்கம் கருகிய வாடை. பாட்டில் தண்ணீரை விரலில் தொட்டு ரிம் மேல் தெறித்தேன், சுர்ரென்று ஆவியானது. வலது பக்கம் தெறித்த சொட்டு அப்படியே வழிந்தது. பழங்காநத்தத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் ஜாக்கி போட்டு இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றிக் காட்டினார். வலது சக்கரம் மூன்று சுற்று சுற்றி நின்றது. இடது பக்கம் அரைச் சுற்றுக்குள் சரக்கென்று உரசி நின்றுவிட்டது. பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகரும் பின் (ஊசி) துருப்பிடித்து இறுகியிருந்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இத்தனை மாதம் ஓட்டியதற்குச் சமம் அது. பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து, ரப்பர் கிட்டும் பேடும் மாற்றினார். அடுத்த டேங்க் 9.9.

இன்னும் இரண்டு கிலோமீட்டர் வர வேண்டும். ஏர் ஃபில்டர் அவ்வளவு மோசமில்லை. டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டர்கூலர் ஓஸில் எங்காவது கீறல் இருந்தால் அந்த இடத்தில் ஆயில் கசிந்து பிசுபிசுப்பு இருக்கும், கறுப்புப் புகையும் வரும்; என் வண்டியில் இரண்டும் இல்லை. நத்தம் மேம்பாலம் ஏழு கிலோமீட்டருக்கும் சிக்னலே இல்லாமல் போகும் என்பதால், கிளட்ச் வழுக்குகிறதா என்பதை அங்கே பார்த்தோம். நாலாவது கியரில் அழுத்தினால் ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்தே ஏறின, அதனால் கிளட்ச்சும் வழுக்கவில்லை.

நாசில் சந்தேகம் மட்டும் மனசில் இருந்துகொண்டே இருந்தது. அண்ணன் நாலு நாசிலின் மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு டியூப் மாட்டி, நாலு சின்னத் தண்ணீர் பாட்டிலில் விட்டார். ஐடிலில் ஓடவிட்டு இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். கெட்டுப்போன நாசில் இருந்தால் அதன் பாட்டில் மட்டும் வேகமாக நிரம்பும். நாலு பாட்டிலிலும் டீசல் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நின்றது. அறுபதாயிரம் ரூபாய் வேலை தேவையில்லை என்று தெரிய இருபது நிமிஷம்தான் ஆனது.

அடுத்து ஸ்கேனரை மாட்டிக்கொண்டு செக்கானூரணி வரை ஓட்டினோம். மே மாத மத்தியான வெயில், கூலண்ட் சூடு 61 டிகிரி. அதற்கு மேல் ஏறவே இல்லை. அண்ணன் ஓரம் கட்டச் சொன்னார். "தம்பி, இது எண்பதைத் தாண்டி நிக்கணும். டேஷ்ல முள்ளு கீழேயே கெடக்கே, நீங்க கவனிக்கலையா?" என்றார். முள் கீழே இருந்தால் நல்லதுதானே என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஓஸில் என் கையை வைக்கச் சொன்னார். இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குக் கூலண்ட் போகாமல் அடைத்து வைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது சரியாக இருந்தால் அந்த ஓஸ் கொஞ்ச நேரம் ஜில்லென்றே இருந்து, வால்வு திறந்ததும் சட்டென்று சுடும். என் கைக்குக் கீழே அது முதல் நிமிஷத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானது. கழற்றிப் பார்த்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை, வெறும் கூடு.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. மாசி மாதம் வாடிப்பட்டிப் பக்கம் வண்டி ஹீட் ஆகி நின்றபோது, ரோட்டோரம் ஒருவர் பார்த்துக் கொடுத்து, "இனி சூடே ஆகாது" என்று சொல்லி அனுப்பினார். வால்வைக் கழற்றிப்போட்டதைச் சொல்லவே இல்லை. நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. வெளியே 40 டிகிரி அடித்தாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான். சூடு ஏறாவிட்டால் ஆயில் கெட்டியாகவே இருக்கும், உராய்வு கூடும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து, அதைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவும் கூடுதலாக டீசல் விடும். ஊருக்குள் ஓட்டும் சின்ன ஓட்டங்களில் நஷ்டம் இன்னும் அதிகம்.

ஆனால் புது தெர்மோஸ்டாட்டை மட்டும் போட்டு அனுப்பாதீர்கள் என்று உங்கள் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். வண்டி ஹீட் ஆனதற்கு மூலகாரணம் ரேடியேட்டர். வருஷக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றி உள்ளே உப்பு படிந்து பாதிக் குழாய் அடைத்துக் கிடந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, டிஸ்டில்டு வாட்டரில் கூலண்ட் கலந்து ஊற்றினோம்.

இப்போது தேனி ரோட்டில் ஜிபிஎஸ் கணக்குப்படி 11.3 கிடைக்கிறது. டயர் கனம் கூடுதல் என்பதால் பழைய 12 வராது என்று அண்ணன் சொல்லிவிட்டார், தேய்ந்ததும் கம்பெனி அளவுக்கே மாறப்போகிறேன். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போதும் முள் நடுவில் நின்றபடி இருக்கிறது. ரேடியேட்டர் ஃபேன் மட்டும் ஸ்டார்ட் செய்ததிலிருந்தே இரைகிறது. சூடானால் மட்டும் ஃபேனை வேகமாகச் சுற்றவிடும் விஸ்கஸ் கப்ளிங் இறுகியிருந்தால் அதுவும் இன்ஜின் சக்தியைத் தின்னும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைக் காட்ட வேண்டும்.