மலையில வைத்தியம் பாக்குற பாட்டிங்க: உங்களுக்கு நடந்தது என்ன?

மலைச்சாரல்
கொல்லிமலை, சோளக்காடு தாண்டி ஒரு ஊர். அப்பாவுக்கு முழங்கால் வலி, கால் வீக்கம். முடவாட்டுக்கால் சூப்பு குடிச்சும் கேக்கல. எண்ணெய் காச்சித் தர்ற ஆத்தா ஒருத்தங்க இருக்காங்கன்னு சந்தையில சொன்னாங்க, போனோம்.

நாடி புடிக்கல, ஒண்ணும் கேக்கல. கணுக்காலுக்கு மேல எலும்பு மேல கட்டைவிரலை வச்சு அமுக்கி எடுத்தாங்க. பிசைஞ்ச மாவுல விரல் வச்ச மாதிரி குழி அப்படியே நின்னுச்சு. அது மூடுற வரைக்கும் அதையே பாத்துட்டு இருந்தாங்க. "இது எலும்பு நோவு இல்ல சாமி, ஒடம்புல தண்ணி நிக்குது. என் எண்ணெய்க்கு இங்க வேலை இல்ல. கீழ கூட்டிட்டுப் போ."

காசு நீட்டுனேன். "மருந்தே குடுக்கல, காசு எதுக்கு?"

நாமக்கல்ல டாக்டரும் அதே எடத்துல அதே மாதிரிதான் அமுக்குனார். கிட்னி. அதுக்கு முன்னாடி கீழ ஒருத்தர் மாசக்கணக்குல வலி மாத்திரையா எழுதிக் குடுத்துட்டு இருந்தார். ஒரு தடவை கூட காலைத் தொட்டுப் பாத்ததில்ல. எனக்கு இன்னும் ஆறல.

கொழுந்துக்கூடை
வால்பாறை. அம்மா கொழுந்து கிள்ளும்போது விரல்ல கடிச்சிருச்சு. சாதாரண பச்சைப்பாம்பு இல்ல, தலை முக்கோணமா இருக்குமே, அது. மேல முதுவர் பழங்குடி ஊர்ல இருந்து ஒரு பாட்டியைக் கூட்டிட்டு வந்தாங்க. விஷம் ஏறியிருந்தா சிறியாநங்கை இலை கசக்காதுன்னு சொல்லுவாங்க. வந்ததும் அந்த இலையை அம்மா வாயில திணிச்சு, "கசக்குதா?"

"கசக்குது."

இன்னொரு இலை. "இப்ப?" "கசக்குது." திரும்ப இலை. அம்மா துப்பிட்டு, "எத்தனை தடவ சொல்றது கெழவி, கசக்குதுன்னு!"

பாட்டி திரும்பி எங்க அப்பாகிட்ட, "திட்டுறா. பொழச்சுக்குவா."

முழங்கை வரைக்கும் வீங்கி, பிறகு வத்திருச்சு. பாட்டிதான் காப்பாத்துச்சுன்னு அம்மா இன்னைக்கும் சொல்லும்.

விரியன்
கொழுந்துக்கூடை, அம்மா பொழைச்சது சந்தோஷம். ஆனா இலையால பொழைக்கல. அது குழிவிரியன். வலிக்கும், வீங்கும், ஆளைக் கொல்றது ரொம்ப அபூர்வம். நம்ம ஊர் விஷமுறிவு மருந்தே நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்குத்தான். வடநெம்மேலியில 1978-ல ஆரம்பிச்ச இருளர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துக் குடுக்குறதும் அந்த நாலுக்குத்தான். மலைப் பாட்டிங்களுக்கு நல்ல பேர் கிடைக்கிறதுக்கு பாதிக் காரணம் இதுதான்: மேல கடிக்கிற பாம்பு பல நேரம் குழிவிரியன். விஷப்பாம்பே கடிச்சாலும் சில நேரம் ஒடம்புக்குள்ள விஷம் போகாது.

கட்டுவிரியன் அப்படி இல்ல. தரையில படுத்திருக்கும்போது ராத்திரி கடிக்கும், வலியே தெரியாது. வயிறு வலிக்கும், கண் இமை தொங்கும், அப்புறம் மூச்சு. அந்த ஆளுக்கு இலையைக் குடுத்தாலும் மொதல்ல கசக்கத்தான் செய்யும். அதனால யாரும் கீறாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க, வாய் வச்சு உறிஞ்சாதீங்க. மோதிரம், வளையலைக் கழட்டுங்க. கையைக் காலை ஆட்டாம வச்சு வண்டி புடிங்க. இதை எல்லாரும் வாட்சப்புல போட்டா புண்ணியமாப் போகும்.

என் கதை சின்னது: சித்தப்பா. கல்வராயன்மலை. வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

கொழுந்துக்கூடை
அண்ணே, சித்தப்பாவுக்கு வருத்தம். ஆனா நான் வகுப்பு எடுக்கச் சொன்னனா? அன்னைக்கு மழை, ரோடு அடைப்பு. விடியிற வரைக்கும் அம்மா பக்கத்துல உக்காந்திருந்த ஆள் அந்தப் பாட்டி மட்டும்தான். உங்க நாலு பாம்புக் கணக்குல அதுக்கு எடம் இருக்கா?

தென்மலை
சண்டை வேணாம். கேரளாவுல பொன்முடி பக்கம் கல்லாறுல லட்சுமிக்குட்டி அம்மா, காணிப் பழங்குடி இனம், விஷ வைத்தியம். 2018-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அப்ப மட்டும் எல்லாரும் கை தட்டுனோம்.

காணிங்க விஷயத்துல இன்னொண்ணும் இருக்கு. 1987-ல அகத்தியமலைக்கு வந்த ஆராய்ச்சியாளருங்க மூச்சு வாங்கி நின்னப்ப, கூடப் போன காணிங்க களைப்பே இல்லாம ஒரு பழத்தை மென்னுட்டு நடந்தாங்க. அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதுல இருந்து "ஜீவனி"ன்னு மருந்து வந்துச்சு. உரிமத் தொகையில பாதி காணிங்களுக்குன்னு ஒப்பந்தம். "வெளிய சொன்னா பலிக்காது"ன்னு பாட்டிங்க சொல்றதை மூடநம்பிக்கைன்னு சிரிக்கிறவங்க இதையும் யோசிக்கணும். எல்லாருக்கும் பாதி கிடைக்காது.

மாத்திரைக்கடை
கேக்காமலே சொல்றேன்: பாம்புக்கடிக்குன்னு பெருமருந்துக்கொடி, ஆடுதின்னாப்பாளை அரைச்சுக் குடிக்காதீங்க. அதுல இருக்குற அமிலம் கிட்னியைக் கெடுக்கும், புற்றுநோயும் வரும். இது உறுதியான விஷயம். கொடி பச்சையா இருந்தா பயமில்லைன்னு யாரு சொன்னது?

கோவைவாசி
முடவாட்டுக்கால் ஆன்லைன்ல எங்க நல்லதா கிடைக்கும்? மாமியாருக்கு.

செம்மேட்டுப் பொண்ணு
நான் கொல்லிமலைதான். என் ஆயாவும் மருந்து குடுத்தவங்கதான். கோவைவாசி, அது தோட்டத்துல போட்டு எடுக்குற கிழங்கு இல்ல. பாறையிலயும் மரத்துலயும் ஒட்டி வளர்ற செடி. ரோமம் மூடுன தண்டைத்தான் கிழங்குன்னு விக்கிறாங்க. ஆயா ஒரு மரத்துல ஒரு துண்டு ஒடைப்பாங்க, பாக்கிய விட்டுருவாங்க. இப்ப அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் கடை கடையா குவிஞ்சு கெடக்கு, மரத்தை மொழுக்குன்னு வழிச்சு எடுத்துட்டு வர்றாங்க. ஆயா ஒடைக்கிற மரத்துக்கு நான் அவங்க கூடப் போயிருக்கேன். எங்க இருக்குன்னு இங்க சொல்ல மாட்டேன். மாமியாரை எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க.