செடி வாங்குவதை நிறுத்த முடியவில்லை. நிறுத்தத்தான் வேண்டுமா?

மண்டபம் மாடிக்காரன்:
மருந்து வாங்க ராமநாதபுரம் போனால் கையில் இரண்டு செடியோடுதான் திரும்புகிறேன். தெருவில் குட்டியானை வண்டி மைக் கட்டிக்கொண்டு "ரோஜா, செம்பருத்தி, குரோட்டன்ஸ்" என்று வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவேன். மாடியில் துணி காயப்போட இடமில்லை என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து. சிலர் பட்டுப்புடவை எடுக்கிறார்கள், சிலர் போன் மாற்றுகிறார்கள். நான் செடி வாங்குகிறேன். இதில் என்ன தப்பு என்று யாராவது சொல்லுங்கள்.

சாயல்குடி உப்புத்தண்ணி:
செடியை யார் குறை சொன்னது அண்ணே? தண்ணீர்தான் பேச்சு. ஒசூரில் இருப்பவர் நூறு செடி வாங்கட்டும், நான் வாயே திறக்க மாட்டேன். நம் பக்கம் தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கிக்கொண்டு ஊற்றுக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாம் உப்புக் கரிக்கிற போர்க்கிணற்றுத் தண்ணியை ஊற்றி ரோஜா வளர்க்கிறோம். உங்கள் மண்தொட்டியின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை பூத்திருக்கும், நகத்தால் சுரண்டினால் தூளாக உதிரும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடுகிறது, உப்பு மண்ணிலேயே தங்கிவிடுகிறது. ஊற்ற ஊற்ற ஏறிக்கொண்டே போகும். கடைசியில் மண் ஈரமாக இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. இலையின் ஓரம் மட்டும் கருகிப் பழுப்பாகும். தண்ணீர் பத்தவில்லை போல என்று இன்னும் இரண்டு செம்பு ஊற்றுவோம். செத்ததும், ரகம் சரியில்லை என்று வேறு வாங்குவோம். ஆசை ஆசை என்கிறோமே, அதில் பாதி செத்த செடிக்கு மாற்று வாங்குவதுதான்.

கீழக்கரை லாத்தா:
தம்பி, தண்ணீர்க் கணக்கு சரி. ஆனால் வாங்கி வைத்துப் பார்க்காமல் எது இங்கே நிற்கும் என்று எப்படித் தெரியும்? அரளி, காகிதப்பூ, அடீனியம் மூன்றும் என் மாடியில் கச்சான் காற்றுக்கும் அசராமல் நிற்கின்றன. வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மிளகாயே கப்பலில் வந்ததுதானே? அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துகீசியர் கொண்டுவந்தது. நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. "நமக்கெதற்கு இது" என்று அன்றைக்கு எல்லோரும் சும்மா இருந்திருந்தால் மீன் குழம்புக்கு இன்னமும் மிளகைத்தான் அரைத்துக்கொண்டிருப்போம்.

சாயல்குடி உப்புத்தண்ணி:
அப்படியே சீமைக் கருவேலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் லாத்தா. அதுவும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். வெட்டி மாளவில்லை.

தொண்டிக்காரன்:
லாத்தா, இதற்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்த செடி வாங்குங்கள்.

கீழக்கரை லாத்தா:
அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களையும் கேட்டுவிட்டுப் பேசுங்கள். என் அடீனியம் தொட்டியை விட்டு இறங்கி ஊரை அடைக்கப்போவதில்லை.

தங்கச்சிமடம் பதியன்:
மல்லிகை நாற்று போடுகிற குடும்பம் எங்களுடையது. செடி வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் விற்கிறவன் பக்கத்திலிருந்து சிலது சொல்லலாம். வெளியூரிலிருந்து வண்டியில் வரும் ரோஜா நிழல்வலைக்குள் நல்ல தண்ணீரும் உரமும் குடித்து வளர்ந்தது. அந்த ஊர்த் தண்ணீரில் பூத்த பூவைப் பார்த்துத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். இங்கே மொட்டை மாடி வெயிலில் வைத்ததும் துவண்டுவிடும். வாங்கியே தீருவேன் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் வாங்குங்கள். மழை உப்பைக் கழுவும், கோடைக்குள் வேர் பிடித்துவிடும். சித்திரையில் வாங்குவது காசைக் கடலில் போடுவது. அப்புறம், புதுச்செடியைக் கொஞ்ச நாள் மற்றவற்றோடு சேர்க்காமல் தள்ளி வையுங்கள். கணுவிலும் இலைக்கடியிலும் வெள்ளையாக, பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. ஒரு செடியில் வந்து மாடி முழுக்க ஏறிவிடும்.

எங்கள் ராமேஸ்வரம் தீவில் சுற்றிலும் கடல், ஆனாலும் மல்லிகைக் குச்சி வேர்விடுகிறது, மதுரைப் பக்கத் தோட்டங்களுக்குக் கட்டுக்கட்டாகப் போகிறது. மணலில் இறங்கிய மழைத்தண்ணீர் கனமான உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும். ஆழமில்லாத கிணற்றில் அதை மட்டும் மொண்டு ஊற்ற வேண்டும். பேராசைப்பட்டு ஆழத்தில் மோட்டார் போட்டு இழுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும்.

சாயல்குடி உப்புத்தண்ணி:
இதைத்தான் நானும் சொல்கிறேன். மழைநீர் பிடிக்கும் டிரம் எத்தனையோ அதற்குத் தக்க செடி. 500 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 460 லிட்டர் விழுகிறது. நம் மாவட்டத்து மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். அதைப் பிடிக்காதவர் செடி வாங்கக் கூடாது, அவ்வளவுதான். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று செடிக்கு ஊற்றுகிறவர்களே, வடித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

கீழக்கரை லாத்தா:
டிரம் வைக்கிற இடத்தில் நாலு தொட்டி வைக்கலாமே! சரி, ஒன்று கேட்கிறேன். சாயங்காலம் வாடிப்போகும் என்று தெரிந்துதானே பூவை முழம் போட்டு வாங்குகிறோம்? அதை யாரும் வீண்செலவு என்பதில்லை. ரோஜாச்செடி ஆறு மாதம் நின்று பத்துப் பூ பூத்துவிட்டுச் செத்தாலும் எனக்கு அது லாபம்தான். எல்லாச் செடியும் மரமாகி நிற்க வேண்டும் என்று யார் சொன்னது?

சாயல்குடி உப்புத்தண்ணி:
முழம் பூவுக்கு யாரும் ஆறு மாதம் தண்ணீர் ஊற்றுவதில்லை லாத்தா.

மண்டபம் மாடிக்காரன்:
இரண்டு பேரும் சண்டை போட்டது போதும். தொட்டியைப் போய்ப் பார்த்தேன், வெள்ளை பூத்துத்தான் இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

தங்கச்சிமடம் பதியன்:
அடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா பாருங்கள். தொட்டி கொள்கிற அளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடிவழியே ஓடவிடுங்கள். அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், இறங்கிய உப்பையே திரும்ப உறிஞ்சும். மழைத்தண்ணீராக இருந்தால் நல்லது.

மண்டபம் மாடிக்காரன்:
மழை வருகிறவரைக்கும்?

சாயல்குடி உப்புத்தண்ணி:
வண்டிச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுங்கள்.