மறு: 'கைட்டியாகிட்டங்கா'வுக்குத் தமிழ்: காவலா, ஓம்பலா?

அனைவருக்கும் வணக்கம்.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள், தங்கள் நிலத்தையும் நீரையும் பேணுவதைக் 'கைட்டியாகிட்டங்கா' என்கிறார்கள்; அதற்குத் தமிழில் கேட்டது ஒரு சொல், வந்தவை ஒன்பது. நன்றி. இது ஆக்லாந்தில் எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்பில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான பாடம் என்பதை முதல் மடலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இங்கே 2023 முதல் பள்ளிகளில் நியூசிலாந்து வரலாறு கட்டாயம். மாவோரி மக்களுக்கும் நிலத்துக்கும் உள்ள உறவைப் பள்ளியில் படித்துவிட்டு வருகிறார்கள். அதையே ஊரில் இருக்கும் பாட்டியிடம் ஃபோனில் தமிழில் சொல்லப் போனால் திணறிவிடுகிறார்கள்.

> ஒலிபெயர்த்து அப்படியே எழுதினால் என்ன?

எழுதிப் பார்த்தேன். 'கைதியாகித்தங்கா' என்று பலகையில் எழுதி முடிக்கவில்லை, ஒரு பையன் "கைதியாகி எங்க தங்கணும் டீச்சர்?" என்றான். அன்றைய வகுப்பு அதோடு சரி. டகரம் போட்டால் சிரிப்பு நிற்கிறது, பொருள் வரவில்லை. அதைப் பிரித்தால் 'டியாகி' என்பது பேணுதல். முன்னால் வரும் 'கை' செய்பவரைக் குறிக்கும். கடைசி 'டங்கா' கிட்டத்தட்ட நம் '-மை'.

> 'நிலக்காவல்' எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான். ஆனால் ஊர்க்காவலுக்கு வரி வாங்கிய பாடிகாவல் காலத்திலிருந்து இன்றைய காவல் நிலையம் வரை காவல் என்றால் ஒருவர் பொருளை இன்னொருவர் காப்பது, அதற்குக் கூலியோ வரியோ வாங்குவது. மாவோரி வழக்கில் நிலம் மூதாதை. 'ஃபெனுவா' என்ற ஒரே சொல்தான் நிலத்துக்கும் நஞ்சுக்கொடிக்கும். குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியைத் தங்கள் குலத்தின் மண்ணில் புதைப்பது வழக்கம். வாங்கனுயி ஆற்றங்கரை மக்கள் 'நானே ஆறு, ஆறே நான்' என்கிறார்கள். பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பேத்தியை யாராவது காவலர் என்போமா?

> 'அறங்காவல்' பொருந்தும். கோயிலில் இருப்பதுதானே?

பரம்பரை அறங்காவலர்களை விட்டால், கோயில் அறங்காவலர் அரசு நியமனத்தில் வருகிறார், அதோடு போகிறார். கைட்டியாகிட்டங்கா வம்சவழியில் வருவது, அந்தந்த இடத்துக்கு உரியவர்களுக்கே உரியது. இங்குள்ள வள மேலாண்மைச் சட்டம் 1991இல் வந்தபோது இந்தச் சொல்லைப் பொதுப்படையாகத்தான் வரையறுத்தது. 1997இல் திருத்தி, அந்த வட்டாரத்து மாவோரி மக்கள் தங்கள் மரபுப்படி செய்வது என்று தெளிவாக்கினார்கள். யாரும் ஏற்கக்கூடிய பொதுவான பொறுப்பு தனி உட்பிரிவாகப் போனது. ஆகவே நமக்கும் இரண்டு சொல் வேண்டும். பொதுவானதற்கு 'பொறுப்பாண்மை' போதும், அதில் எனக்குச் சண்டை இல்லை.

> சங்க இலக்கியம் இருக்கக் கவலை ஏன்? 'திணையோம்பல்'!

இரண்டு நாள் இந்தச் சொல்லோடுதான் இருந்தேன். நிலம், தெய்வம், மரம், பறவை, தொழில், மக்கள் எல்லாம் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. ஆனால் வகுப்பில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். 'இதெல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது' என்று பெற்றோர் ஒருவர் ஆரம்பிப்பார், அப்புறம் மாவோரி மக்கள் பாடத்தை விட்டே போய்விடுவார்கள். அவர்கள் கதையில் இழப்பும் உண்டு. 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, குலத்துக்குப் பொதுவாக இருந்த நிலத்தை நீதிமன்றம் பெரும்பாலும் பத்துப் பேருக்கு மிகாமல் பெயரெழுதிப் பட்டாவாக்கியது. பட்டா ஆனதும் விற்பனைக்கு வந்தது. திணை என்றதும் நம் பிள்ளைகளுக்குக் குறிஞ்சிப் பூதான் ஞாபகம் வரும், இது வராது.

இலக்கணச் சிக்கல் வேறு. ஆறு நமக்கு அஃறிணை. வாங்கனுயி ஆறோ 2017 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் ஆள்; அதன் சார்பில் பேச மாவோரி தரப்பிலிருந்து ஒருவர், அரசுத் தரப்பிலிருந்து ஒருவர். 'ஆறு வழக்குப் போட்டதா, போட்டாரா?' என்று ஒரு பெண் கேட்டாள். கோயில் மூர்த்தி பெயரில் வயல் இருப்பதைச் சொல்லிச் சமாளித்தேன். உடனே புரிந்துகொண்டாள்!

> அப்படியானால் 'நிலவோம்பல்'?

ஓம்பல் சரி. குழந்தையையும் விருந்தையும் ஓம்புகிறோம், அதில் கூலிப் பேச்சு இல்லை. ஆனால் பிள்ளைகள் நிலவைத்தான் ஓம்புவார்கள். அத்துச் சாரியை சேர்த்து 'நிலத்தோம்பல்' என்றால் நிலா மறைந்துவிடும். செய்பவர் 'நிலத்தோம்புநர்'. கடல் விட்டுப்போகிறதே என்று கேட்பவர்களுக்கு: நெய்தலையும் நிலம் என்றுதானே சொல்கிறோம். (திணையை வேண்டாம் என்றுவிட்டு அதனிடமே கடன் வாங்குகிறேன், தெரிகிறது.) உறவு என்ற பொருள் இதில் பாதிதான் வருகிறது. மீதியை நஞ்சுக்கொடிக் கதை சொல்லி நிரப்பிக்கொள்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை வகுப்பு.

'மண்ணின் மைந்தர்' மட்டும் வேண்டாம். அது வேலைவாய்ப்பு முழக்கமாகிப் பல காலம் ஆயிற்று.

அடுத்தது 'ராஹுயி'. ஒருவர் நீரில் மூழ்கி இறந்தால் அந்த நீர்ப்பகுதியில் மீன் பிடிப்பதை மாவோரி பெரியவர்கள் நிறுத்திவைப்பார்கள். பிறகு அவர்களே நீக்குவார்கள். 'தடை' என்றால் கலெக்டர் போட்டது போல இருக்கிறது. எங்கள் ஈரோட்டுப் பக்கம் மாரியம்மன் நோன்புக்குக் காப்புக் கட்டிவிட்டால் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. அந்தக் 'காப்புக்கட்டு' இதற்கு ஒத்துவருமா? உங்கள் ஊரில் குளத்துக்கோ ஆற்றுக்கோ இப்படி ஏதாவது கட்டுவதுண்டா, அதற்கு என்ன பெயர்?