பூ ஓவியத்தில் கவிதை எதற்கு?

அச்சுப்பித்தன்:
ஜப்பானிய மரக்கட்டை அச்சில் பூ, பறவைப் படங்களின் ஓரமாகக் கவிதை எழுதியிருப்பார்களே, அது படத்துக்கு இடைஞ்சல் என்பது என் கட்சி. ஓவியர் ஹொக்குசாய் 1833-34 வாக்கில் பெரிய அளவில் ஒரு பூ வரிசை போட்டார். அதில் கவிதையே கிடையாது. பாப்பிப் பூக்கள் காற்றில் ஒரே பக்கமாகச் சாயும் படத்தைப் பாருங்கள். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

நீலக்குருவி:
அதே காலத்தில் அவரே சின்ன அளவில் இன்னொரு வரிசை போட்டாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதில் கவிதை உண்டு. கருநீலப் பின்னணி, தொங்கும் செர்ரிக் கிளை, அதில் தலைகீழாக ஒரு குருவி. கூடவே உள்ள ஹைக்கூவில், காலைச் செர்ரியிலிருந்து ஒரு பறவை நனைந்தபடி வெளியே வருகிறது. படத்தில் மழை இல்லை. ஈரம் முழுக்கக் கவிதையில்தான். அதை மறைத்தால் வெறும் குருவி.

அச்சுப்பித்தன்:
வெறும் குருவியா! அந்த நீலம் பிரஷ்ய நீலம், 1830 வாக்கில்தான் அங்கே பரவலாகப் புழங்க ஆரம்பித்த வெளிநாட்டுச் சாயம். விடியலும் குளிரும் அதிலேயே தெரிகிறது. சரி, இன்னொரு ஓவியர் ஹிரோஷிகேவுக்கு வருவோம். கவிதை எழுதும் காகிதப் பட்டை மாதிரி ஒடுக்கமாக, நெட்டுக்குத்தாகப் படம். பலவற்றில் சீனக் கவிதை வரிகள். எடோவில் (இன்றைய டோக்கியோ) அதை வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அது புரிந்திருக்கும்? எழுத்து அங்கே அலங்காரம், அவ்வளவுதான்.

பழைய_தாள்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேருமே படம் முதலில், கவிதை அப்புறம் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். சுரிமோனோ என்ற, தனியாகச் சொல்லி அச்சிட்ட பரிசுப் படங்களில் கதை தலைகீழ். கியோகா என்ற குறும்புக் கவிதை எழுதும் குழுக்கள் தங்கள் வரிகளை அச்சிட்டுப் புத்தாண்டில் நண்பர்களுக்குக் கொடுக்க ஓவியரை அமர்த்தின. கடைச் சரக்கு இல்லை என்பதால் செலவுக்கு அஞ்சவில்லை. தடித்த தாள், உலோகத் தூள், மை இல்லாமல் அழுத்தி எடுத்த மேடுபள்ளம். பூவிதழின் அந்த மேடு, தாளைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அதற்கும் முன்னால், 1765-இல் ஓவியர் ஹருநொபுவின் முழு வண்ண அச்சு பிறந்ததே கவிதைக் குழுவினர் பரிமாறிக்கொண்ட படக் காலண்டர்களில்தான்.

நீலக்குருவி:
ஓவியர் உத்தமாரோவின் 1788 பூச்சிப் புத்தகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செடியும் பூச்சியும் அப்படியே உயிரோடு இருப்பது போல வரைந்திருக்கிறார். கவிதையோ பூச்சியின் பெயரைச் சாக்காக வைத்துக் காதல் பேசுகிறது. காதலர் யாரும் படத்தில் இல்லை!

அச்சுப்பித்தன்:
அதுதானே என் புகார். செடியை இலைநரம்புவரை வரைந்தவரிடம் போய் யாரோ காதல் ஏக்கத்தை ஒட்டவைப்பானேன்?

பழைய_தாள்:
பணம் கொடுத்தவர்கள் அந்தக் கவிஞர்கள்தான், ஐயா. அந்த யாரோவின் ஏக்கம் இல்லாவிட்டால் இலைநரம்பைச் செதுக்கக் கூலி யார் கொடுப்பார்?

அச்சுப்பித்தன்:
காசு கொடுத்தவர் சொன்னதால் மட்டும் ரசனை ஆகிவிடாது. பாப்பிப் படத்துக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.